வண்டி நின்ற இடம் மணப்பாடு

முன்பெல்லாம் பயணம் என்றால் வீட்டைப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு கிளம்புவார்கள். இப்போது வீட்டையே சக்கரத்தில் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறோம். வழியில் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம், யார் வாசலிலும் நிற்க வேண்டாம். இதற்குத்தான் மனித குலம் இத்தனை நூற்றாண்டுகள் பாடுபட்டது போலும்.

பெங்களூருவில் வேலை பார்க்கும் என் மகன் வாடகைக்கு எடுத்து வந்த கேரவனில் இல்லாதது ஒன்றுமில்லை. ஏ.சி., ஃபிரிட்ஜ், மைக்ரோவேவ், இண்டக்‌ஷன் அடுப்பு, ஷவர் வைத்த குளியலறை, கழிப்பறை, மடக்கினால் சோபாவாகவும் நீட்டினால் கட்டிலாகவும் ஆகிற ஓர் அதிசயம். “யார்கிட்டயும் எதையும் கேக்க வேண்டாம்ப்பா. அதுதான் இதுல சௌகரியம்” என்றான். என் மனைவி உள்ளே ஏறி, அலமாரியைத் திறந்து பார்த்தாள், குழாயைத் திருகிப் பார்த்தாள். “வீடு மாதிரியே இருக்கு. அப்ப வீட்லயே இருந்திருக்கலாமே” என்றாள். அவளுக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

இந்த ஆசை என் மகனுக்கு மட்டும் வந்ததல்ல. கேரளம் 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது. தமிழ்நாட்டின் 2023 சுற்றுலாக் கொள்கையிலும் கேரவனுக்கு ஓர் இடம் உண்டு. அதுவரை நம் ஊரில் அது சினிமாக்காரர்கள் சமாச்சாரம். நாயகன் உள்ளே குளிர்ச்சியாக உட்கார்ந்திருப்பார். நாம் வெயிலில் நின்று கதவு எப்போது திறக்கும் என்று பார்த்துக்கொண்டிருப்போம். இப்போது நாமும் உள்ளே உட்காரலாம் என்று ஆகிவிட்டது. வண்டி வழியில் நின்றுபோனால் எங்கே உட்காருவது என்பதற்கு இனிமேல்தான் கொள்கை வர வேண்டும்.

என் தாத்தாவிடம் இருந்த கேரவனுக்கு இரண்டு மாடுகள்.

சாத்தான்குளத்துக்கு மேற்கே எங்கள் ஊர். வைகாசி விசாகத்துக்குத் திருச்செந்தூர் போவது வழக்கம். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்கு 1923லேயே ரயில் வந்துவிட்டது. ஆனால் எங்கள் ஊரிலிருந்து ரயிலடிக்குப் போய்ச் சேரவே வண்டி கட்ட வேண்டும். வண்டி கட்டியாகிவிட்டது, பிறகு ரயில் எதற்கு என்பது தாத்தாவின் கணக்கு. கூண்டுக்குள் வைக்கோலைப் பரப்பி மேலே ஜமுக்காளம் விரித்திருக்கும். முன்னால் தாத்தாவும் வண்டிக்காரரும், பின்னால் ஆச்சி, நடுவில் பிள்ளைகள் நாங்கள். தூக்குவாளிகளில் புளிச்சோறும் எள்ளுத் துவையலும். மண்பானையில் தண்ணீர். வண்டிக்கு அடியில் ஆடிக்கொண்டே வரும் அரிக்கேன் விளக்கு. குளியலறை என்று ஆச்சி காட்டியது வழியில் வந்த கிணறு. கழிப்பறை என்று காட்டியது உடைமரக் காடு.

இன்ன இடத்தில் ராத்தங்கல் என்று திட்டம் கிடையாது. ஆகவே திட்டமிடாத தங்கல் என்றும் ஒன்று கிடையாது. மாடு எங்கே முரண்டு பிடிக்கிறதோ அதுதான் அன்றைக்கு ஊர். உடன்குடிப் பக்கம் போனால் தேரி குறுக்கிடும். சிவந்த மணல் மேடுகள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இன்றைக்கு இருந்த மேடு நாளைக்கு அதே இடத்தில் இராது. சக்கரம் மணலில் இறங்கினால் “எல்லாரும் எறங்குங்கலே” என்று தாத்தா கத்துவார். இறங்கித் தள்ளுவோம். சில சமயம் வண்டி நகரும். நகராவிட்டால் அங்கேயே பனங்காட்டுக்குள் ஏதாவது ஒரு விடிலியில் வெளிச்சம் தெரியும். பனையேறிக் குடும்பம் பதனீர் காய்ச்சிக்கொண்டிருக்கும். யார், எந்த ஊர் என்று கேட்டுவிட்டுப் பிள்ளைகளுக்கு ஓலைப் பட்டையில் பதனீர் ஊற்றிக் கொடுப்பார்கள். தாங்கள் படுக்கிற இடத்தில் பாதியை எங்களுக்கு விடுவார்கள். காலையில் ஆச்சி அவர்களுக்குக் கொஞ்சம் அரிசியோ பயறோ அளந்து கொடுப்பாள். அதற்கு ரசீது கிடையாது.

சாலையும் அப்போது கொஞ்சம் மனிதத் தன்மையோடு இருந்தது. தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கல், வெயிலுக்குத் தண்ணீர்ப் பந்தல், ஊருக்கு ஊர் சத்திரம். 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாளின் பெயரைத் தென்பாண்டிச் சாலைகள் இன்னும் சுமந்துகொண்டிருப்பது, சாலை போட்டதற்காகவும் சத்திரம் கட்டியதற்காகவும்தான். பெரும் போர்களில் வென்ற மன்னர்கள் பலருக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை.

இந்த இடத்தில் நிறுத்தினால் கட்டுரை ‘அந்தக் காலம் போல வருமா’ என்ற பெருமூச்சில் சுகமாக முடிந்துவிடும். ஆகவே மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். திருச்செந்தூரில் சாதிக்கு ஒரு மடம் இருந்தது. எந்த மடத்திலும் சேராதவர்களுக்குக் கடற்கரை மணல். எங்கள் வண்டிக்காரர் எங்கள் சாதி இல்லை. நாங்கள் மடத்துக்குள் பாய் விரித்துப் படுக்க, அவர் வெளியே வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுப்பார். மாட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா என்று தாத்தா காரணம் சொல்வார். தாத்தா ஒரு நாளும் மாட்டைப் பார்த்துக்கொள்ளப் படுத்ததில்லை.

சரி, மகனுடைய வண்டிக்கு வருவோம்.

தூத்துக்குடியில் மக்ரூன் வாங்கி, பனிமய மாதா கோயிலை வெளியிலிருந்து பார்த்து, உப்பளங்களையும் அம்பாரம் அம்பாரமாகக் குவிந்த உப்பையும் பேரப்பிள்ளைகளுக்குக் கண்ணாடி வழியே காட்டினோம். திருச்செந்தூரில் கடலாடித் தரிசனம் முடித்தோம். மாலைக்குள் கன்னியாகுமரி, அங்கே கேரவன் நிறுத்த முன்பதிவு செய்த இடம், அங்கிருந்து சூரிய அஸ்தமனம் என்று மகனின் கைபேசியில் மணிவாரியாகப் பட்டியல் இருந்தது. குலசேகரப்பட்டினம் தாண்டியதும் என்ஜினில் ஒரு சத்தம். ஓட்டுநர் தம்பி ஓரம் கட்டினான், இறங்கினான், அறுந்த பெல்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். அது இல்லாவிட்டால் பேட்டரி ஏறாது, என்ஜினுக்குத் தண்ணீர் ஓடாது, வண்டி நகராது.

வாடகைக்குக் கொடுத்த நிறுவனத்தின் உதவி எண்ணில் ஒரு குரல் மூன்று மொழிகளில் வருத்தம் தெரிவித்தது. பெல்ட் எந்த மொழியிலும் வரவில்லை. உடன்குடி மெக்கானிக் ஒருவரைப் போனில் பிடித்தோம். “ஞாயித்துக்கெழம யாரு கட தெறந்து வச்சிருப்பா அண்ணாச்சி? திருநவேலிக்குச் சொல்லிவிடுதேன். காலைல மொத பஸ்ல போட்டுவிடுவான்” என்றார்.

நாங்கள் அப்போதுதான் கடந்து வந்த குலசையில், 2024 பிப்ரவரி 28 அன்று நாட்டின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவினால் ராக்கெட் இலங்கையின் மேல் பறக்காமல் வளைந்து போக வேண்டும். அந்த வளைவில் எரிபொருள் வீணாகும், சின்ன ராக்கெட்டுக்கு அது பெரிய நஷ்டம். குலசையிலிருந்து நேர் தெற்கே கடல்தான், வளைய வேண்டியதில்லை. விண்வெளிக்கு நேர்வழி கிடைத்த ஊருக்கு, ஒரு ரப்பர் பெல்ட் மட்டும் திருநெல்வேலியில் படுத்துத் தூங்கிவிட்டு மறுநாள் பஸ் பிடித்து வர வேண்டும்.

வண்டியை மணப்பாட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனது மீன் ஏற்றும் மினி லாரி ஒன்று. ஞாயிற்றுக்கிழமை இந்தக் கத்தோலிக்கக் கடற்கரையில் யாரும் தொழிலுக்குப் போவதில்லை. வள்ளங்கள் கரையில் கிடந்தன, லாரியும் சும்மா நின்றது. அதன் புண்ணியத்தில் எங்களுக்குக் கயிறு கிடைத்தது. ஊருக்குள் நுழைந்ததும் பையன்கள் கூடிவிட்டார்கள். மணி ரத்னத்தின் ‘கடல்’ 2013இல் வெளிவருவதற்கு முன் படமாக்கப்பட்ட ஊர்களில் இதுவும் ஒன்று. அந்த ஊருக்குக் கேரவன் வந்தால் என்ன அர்த்தம்? “எந்த ஹீரோ வந்திருக்காவ?” என்று கண்ணாடியைத் தட்டினார்கள். கதவு திறந்தது. வேட்டியை மடித்துக் கட்டியபடி நான் இறங்கினேன். அப்படி ஓர் ஏமாற்றத்தை நான் யாருக்கும் தந்ததில்லை. ஒருவன் மட்டும் மனம் தளராமல், “அப்பா கேரக்டரா இருக்கும்ல” என்றான்.

யாரிடமும் எதையும் கேட்க வேண்டியிராத வீடு, அதற்குப் பிறகு கேட்கத் தொடங்கியது. முதலில் மின்சாரம். இன்வர்ட்டர் விளக்குக்கும் விசிறிக்கும் காணும், ஏ.சி.க்குக் காணாது. 15 ஆம்பியர் பிளக் வேண்டும். மகன் நீளமான வயரை மாலை போலத் தோளில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பார்த்தான். திண்ணை வைத்த பழைய வீடு ஒன்றின் வாசலில் வயதான ஓர் அம்மா நின்றிருந்தார்.

“என்னய்யா வேணும்?”

“கொஞ்சம் கரண்ட் வேணும் பாட்டிம்மா. எங்க வண்டிக்கு.”

அவர் வண்டியை மேலும் கீழும் பார்த்தார். “வீட்டையே கூடக் கொண்டாந்திருக்கிய. கரண்டக் கொண்டாரலியா?”

கேட்டாலும் கொடுத்தார். பிளக்கைச் சொருகியதும் அந்த வீட்டு ஃபியூஸ் போனது. நாங்கள் பதறியதில் கால்வாசிகூட அவர் பதறவில்லை. “காத்து இந்த அடி அடிக்கு. இதுல ஏசி எதுக்கு?” என்றார். அடுத்தது தண்ணீர். கடலில் குளித்த பேரப்பிள்ளைகள் உப்புப் போக ஷவரில் நின்றே வண்டித் தொட்டியைக் காலி செய்திருந்தார்கள். அதற்கு அடுத்தது, காலியாக வேண்டிய இன்னொரு தொட்டி நிறைந்திருந்தது. அதை எங்கே காலி செய்வது என்று மகனின் செயலியைக் கேட்டோம். அது மிக அருகிலுள்ள ஐந்து நட்சத்திர ஓட்டலைக் காட்டியது. அந்த அம்மா கொல்லைப்புறக் கதவைக் காட்டினார். வசதி, பாதுகாப்பு, தனிமை என்று அந்த வண்டி வாக்களித்த ஒவ்வொன்றையும் சூரியன் இறங்குவதற்குள் அந்த வீட்டிலேயே கடன் வாங்கி முடித்தோம்.

ராத்திரிச் சாப்பாடும் அங்கேதான். “இன்னைக்குப் பச்சமீன் கெடையாது. கருவாடுதான். திம்பியளா?” சாமி கும்பிட்ட நாளில் கருவாடா என்று என் மனைவி கண்ணாலேயே கேட்டாள். நான் யோசித்துப் பதில் சொல்வதற்குள் பேரப்பிள்ளைகள் தட்டை நீட்டிவிட்டார்கள். அவளுக்குத் தனியே தேங்காய்த் துவையல் அரைத்துக் கொடுத்தார். ஃபிரிட்ஜில் இருந்த மூன்று வகைச் சீஸை யாரும் நினைக்கவில்லை.

சாப்பிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். வீட்டுப் பெரியவர், எங்களைப் போல நின்றுபோனவர்கள் இந்த ஊருக்குப் புதிதல்ல என்றார். ஊர் பேர் வாங்கியதே அப்படித்தானாம். புயலில் சிக்கிய ஒரு போர்த்துக்கீசியக் கப்பலின் தலைவன், உயிரோடு கரை சேர்ந்தால் சிலுவை நாட்டுவதாக நேர்ந்துகொண்டான். முறிந்த பாய்மரத்திலேயே சிலுவை செய்து இந்த மணற்குன்றில் நட்டான் என்பது ஊர் வழக்கு. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் இந்தக் குன்றின் கடலோரக் குகையில் தங்கினார் என்கிறார்கள். குன்றின் மேல் திருச்சிலுவை ஆலயம் 1581இல் எழுந்தது. செப்டம்பர் 14ஆம் தேதித் திருவிழாவுக்கு உலகெங்கும் சிதறிய மணப்பாட்டுக்காரர்கள் ஊர் திரும்புவார்கள். அந்தத் தலைவனுக்கு முறிந்தது பாய்மரம்; அதனால் ஒரு கோயில் வந்தது. எங்களுக்கு அறுந்த பெல்ட்டை நட்டு வைத்தால் யார் கும்பிடப் போகிறார்கள்?

பெரியவரின் அண்ணன் முத்துக் குளிக்கப் போனவராம். இந்தக் கடலில் கடைசி முத்துச் சலாபங்கள் நடந்தது 1955க்கும் 1961க்கும் இடையில். சலாபம் என்று அறிவித்துவிட்டால் வெறும் மணலில் ஓலைக் கொட்டகைகளால் ஒரு நகரம் முளைக்கும். குளியாட்கள், தோணிக்காரர்கள், வியாபாரிகள், தரகர்கள், போலீஸ், டாக்டர், சிப்பி ஏலம், சாப்பாட்டுக் கடை எல்லாம் வரும். சலாபம் முடிந்தால் ஓலையைச் சுருட்டிக்கொண்டு நகரமே கிளம்பிவிடும். வீட்டோடு ஊர் விட்டு ஊர் போவதை இந்தக் கடற்கரைக்கு நாங்கள் வந்து கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

“மேல கயிறு பிடிக்கதுக்கு மச்சானத்தான் வைப்பாவ” என்று சிரித்தார் பெரியவர். கல்லில் காலை ஊன்றி ஒருவன் கடலுக்குள் இறங்குகிறான். ஒரு மூச்சு அடங்குவதற்குள் சிப்பியை அள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டு கயிற்றை அசைக்க வேண்டும். மேலே இருப்பவன் கண்ணசந்தால் கீழே இருப்பவன் இல்லை. அந்தக் கயிற்றைத் தங்கையின் தாலியை நினைத்துப் பார்க்கிறவன் கையில்தான் கொடுப்பார்களாம். கொற்கை முத்து ரோமாபுரி வரை போனதாகப் படித்திருக்கிறோம். அது போனது, யாரையாவது நம்பித்தான் இறங்க முடியும் என்று தெரிந்த ஆட்களால். யாரிடமும் எதையும் கேட்க வேண்டாம் என்ற வசதியோடு இறங்கியிருந்தால் ஒரு சிப்பிகூட மேலே வந்திராது.

படுக்கும் நேரம் வந்தது. வண்டிக்குள் புழுக்கம். பேரப்பிள்ளைகள் மொட்டை மாடிக்கு ஓடிவிட்டார்கள். மருமகளும் என் மனைவியும் வீட்டுக் கூடத்தில். நானும் மகனும் திண்ணையில். கேரவனைத் தனியே விட முடியாது, ஆள் வேண்டுமே? ஓட்டுநர் தம்பி உள்ளே போய், நீட்டினால் கட்டிலாகும் அதிசயத்தை நீட்டி, ஜன்னலைத் திறந்துவிட்டுப் படுத்துக்கொண்டான். அந்தப் பயணத்தில் கேரவனை முழுசாக அனுபவித்தவன் அவன் ஒருவன்தான். தாத்தாவின் வண்டிக்காரர் இதைப் பார்த்திருக்க வேண்டும். இதையும் ஒரு முன்னேற்றம் என்று கணக்கில் சேர்க்கிறேன். திட்டம் போட்டு வந்த முன்னேற்றம் இல்லை, பெல்ட் அறுந்ததால் வந்தது.

இன்னொன்றும் கணக்கில் சேர வேண்டும். நீங்கள் எந்த ஊர் என்று அந்த வீட்டில் கேட்டார்கள், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார்கள், என்ன வேலை என்று கேட்டார்கள். தாத்தா காலத்து மடத்து வாசலில் முதலில் கேட்கும் கேள்வியை மட்டும் கேட்கவில்லை. திருநீற்றோடு கூடத்தில் படுத்திருந்த என் மனைவிக்கு நேர் மேலே மாதா படம் மாட்டியிருந்தது. இருவருக்கும் அதில் ஆட்சேபம் இருந்ததாகத் தெரியவில்லை.

காலையில் பஸ்ஸிலிருந்து ஒரு பொட்டலம் இறங்கியது. மெக்கானிக் வந்து பெல்ட்டை மாட்டினார். மகன் கைபேசியை எடுத்து, “ஜிபே நம்பர் சொல்லுங்க பாட்டிம்மா” என்றான். “நா என்ன லாட்ஜா நடத்துதேன்?” என்றார் அந்த அம்மா. ஆச்சியாக இருந்தால் அரிசி அளந்து கொடுத்திருப்பாள். எங்களிடம் இருந்தது சீஸ். பேரன் அதை எடுத்துக் கொடுத்தான். அவர் முகர்ந்து பார்த்துவிட்டு, மரியாதைக்காக வாங்கி வைத்துக்கொண்டார்.

நாங்கள் போனது வெயில் காலம். வேடிக்கையாகச் சொல்ல முடிகிறது. 2023 டிசம்பரில் இதே மாவட்டத்தில் நின்றவர்களுக்கு வேடிக்கை இல்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. முன்னும் பின்னும் வெள்ளம், பாதையடியில் மண் இல்லை. ஏறத்தாழ 800 பயணிகள். ஒரு பகுதியினரை முதலில் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு மாற்றினார்கள். மற்றவர்கள் 19ஆம் தேதி வரை அங்கேயே கிடந்தார்கள். அவர்களுக்குச் சமைத்துப் போட்டது பக்கத்துப் புதுக்குடி மக்கள். அவர்கள் ஊரும் வெள்ளத்தில்தான் இருந்தது. அரிசியையும் பருப்பையும் தங்கள் வீடுகளிலிருந்துதான் எடுத்து வந்தார்கள். முன்பதிவு, ஏ.சி. பெட்டி, கைபேசிச் செயலி எல்லாம் தோற்ற இடத்தில் அந்த ஊர் ஒரு சத்திரமாக நின்றது.

அந்தக் காலத்தில் ஒன்றுமில்லாமல் கிளம்பினார்கள். சாலையில் எல்லாம் இருந்தது, எல்லாருக்கும் இல்லாவிட்டாலும். இப்போது எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறோம், சாலையில் ஒன்றுமில்லை. நிற்க வேண்டியவர்கள் கேரவன்காரர்கள் மட்டுமல்ல. இந்தக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவெல்லாம் மீனும் உப்பும் ஏற்றி ஓடும் லாரிக்காரர்கள் இருக்கிறார்கள். பச்சை வேட்டி கட்டிக் கூட்டம் கூட்டமாகத் திருச்செந்தூருக்கு நடந்து வரும் பாதயாத்திரைக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பெட்ரோல் பங்க் ஓரத்திலும் பூட்டிய கடை வாசலிலும் படுத்து எழுகிறார்கள். அவர்களுக்கு மணப்பாட்டுத் திண்ணை மாதிரி ஒன்று எல்லா இடத்திலும் கிடைக்காது. கிடைக்கும் என்று அரசாங்கம் நம்பிக்கொண்டிருப்பதும் நியாயமில்லை.

கேரவன் சுற்றுலாவுக்கு என்று பணம் ஒதுக்குகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். தூத்துக்குடியிலிருந்து கன்னியாகுமரி வரை இருபது மைலுக்கு ஒன்றாக ஒரு கொட்டகை போடுங்கள். கூரை, திண்ணை, நல்ல தண்ணீர், ஆணுக்கும் பெண்ணுக்கும் சுத்தமான கழிப்பறை, நாலு பிளக் போதும். சொகுசு வண்டிக்காரனிடம் கட்டணம் வாங்கிக்கொள்ளுங்கள், நடந்து வருகிறவனிடம் வாங்காதீர்கள். வாசலில் யாருடைய பெயரையும் சாதியையும் கேட்காதீர்கள்.